மதில் போன ஊரும் தெரு நின்ற ஊரும்

ஐரோப்பாவுக்குப் பிரயாணம் போய்வருகிறவர்கள், அங்குள்ள பெரிய தலைநகரங்களைக் காட்டிலும், ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மதிலும் வாசலும் கல் பாவிய சந்துகளும் குலையாமல் நிற்கும் சிற்றூர்களைப் பற்றியே மிகுந்த உற்சாகத்துடன் பேசுவதையும், பேசி முடித்த கையோடு, நம் நாட்டில் அப்படி ஓர் ஊர் உண்டா, கோயிலைத் தவிர வேறு எதை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று குறைபட்டுக்கொள்வதையும் பலரும் கேட்டிருக்கக்கூடும். இந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, ஓர் ஊர் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு நாம் எதை அடையாளமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. மதிலைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா, தெருவைப் பார்ப்பதா, அல்லது அந்தத் தெருவில் உட்கார்ந்து பாட்டன் செய்த தொழிலையே இன்றும் செய்துகொண்டிருக்கிற மனிதரைப் பார்ப்பதா? இந்த நான்கில் எது எந்த ஊரில் நின்றது, எது போயிற்று, ஏன் போயிற்று என்பதை, பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியை நடுவில் வைத்துக்கொண்டு, முதலில் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பின்னர்த் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவில் நின்றது எது?

ஒப்புநோக்குவதற்கு நான்கு ஊர்கள் போதும். ஜெர்மனியிலுள்ள ரோத்தன்புர்க், முப்பதாண்டுப் போரில் 1631-ல் எதிரிப் படையிடம் வீழ்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் கொள்ளைநோயாலும் வாடி, அதன்பின் புதிதாக எதையும் கட்டிக்கொள்ளக் கையில் பணமில்லாமல் போனபடியால், இருந்த மதிலையும் இருந்த வீடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு இருநூறாண்டுக் காலத்தைக் கழித்தது. பெல்ஜியத்திலுள்ள ப்ரூஜ், கம்பளித் துணி வியாபாரத்தில் வட ஐரோப்பாவின் களஞ்சியமாக விளங்கிய ஊர்; கடலோடு அதை இணைத்த ஸ்வின் என்ற கழி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மணல் மேவித் தூர்ந்துபோகவே, கப்பல்களும் அவற்றோடு செல்வமும் ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்தன. இத்தாலியிலுள்ள சான் ஜிமிஞானோவில் பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுப்பிய கோபுர வீடுகள் ஒருகாலத்தில் 72. 1348-ம் ஆண்டின் கொள்ளைநோய் ஊரின் முதுகெலும்பை முறித்தபின் அது பிளாரன்ஸின் ஆதிக்கத்துக்கு உட்பட்டு ஒடுங்க, இன்று 14 கோபுரங்கள் நிற்கின்றன. பிரான்ஸின் கார்க்கசோனோ, எல்லை தெற்கே நகர்ந்தபின் கோட்டை என்ற பயன் நீங்கிப் பாழடைந்து, 1849-ல் மதில்களை இடித்துவிட அரசாங்கமே ஆணை பிறப்பிக்கும் நிலைக்கு வந்து, உள்ளூர்ச் சரித்திர ஆராய்ச்சியாளர்களின் ஆட்சேபத்தால் தப்பி, 1853 முதல் வியோலே-லெ-தூக் என்ற சிற்பியின் கையால் புதுப்பிக்கப்பட்டது. அவர் கோபுரங்களுக்கு வைத்த கூம்பு வடிவக் கற்பலகைக் கூரைகள் தென் பிரான்ஸுக்கே உரியவை அல்ல என்று அறிஞர்கள் சிலர் இன்றும் வாதிடுகிறார்கள்.

இந்த நான்கு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அவ்வூர்களின் முதல் காவலன் வறுமை. பழைமையின்மீது பிறந்த பக்தி வெகுகாலத்துக்குப் பின்னரே வந்தது. வியாபாரம் ஓய்ந்துபோனதால் இடிக்கவும் வசதியில்லை, கட்டவும் வசதியில்லை என்று நின்றுபோன ஊர்களைத்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியர்களும் யாத்திரிகர்களும் கண்டெடுத்துப் புகழ் பரப்பினார்கள். இரண்டாவது, இன்று கண்ணுக்குத் தெரிகிற பழைமையில் கணிசமான பகுதி புதுப்பிக்கப்பட்டது. ரோத்தன்புர்க்கின் மதிலிலும் கீழ்ப்புறத்து வீடுகளிலும் பெரும்பகுதி 1945 மார்ச் 31-ம் தேதி விழுந்த குண்டுகளால் நாசமாகி, பல தேசத்தவரும் கொடுத்த நன்கொடையால் மீண்டும் எழுந்தது. கொடுத்தவர்களின் பெயர்களை மதில் கற்களில் இன்றும் படிக்கலாம். இத்தனைக்கும் மேலாக, நெய்தவரும் தோல் பதனிட்டவரும் வாழ்ந்த அத்தெருக்களில் இன்று உணவு விடுதிகளும் ஞாபகப் பொருட் கடைகளுமே மிகுந்திருக்கின்றன. சுருங்கச் சொன்னால், கல் நின்றது, தொழில் போயிற்று.

வடஆர்க்காட்டுச் சீமையின் கோட்டைகள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஆரணியிலும் ஒரு கோட்டை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையெடுப்பின் விளைவாகத் தெற்கே வந்து ஊன்றிய மராட்டியப் பிராமணக் குடும்பம் ஒன்றின் ஜாகீராக இவ்வூர் விளங்கியது. கர்நாடகப் போர்களின்போது, ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவ் 1751 டிசம்பரில் ராஜா சாகிபின் சேனையை முறியடித்ததும், 1782 ஜூனில் சர் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதிக்கொண்டதும் இவ்வூரை ஒட்டித்தான். அந்தக் கோட்டையின் மதில் இன்று இல்லை. அகழியின் சில எச்சங்களும், உள்ளே கைலாசநாதர் கோயிலும், அரசாங்க அலுவலகங்களும், தேர்தல் காலத்தில் பொதுக்கூட்டம் போடும் கோட்டை மைதானமுமே மிஞ்சின. ஜாகீர்தார்கள் பிற்காலத்தில் சத்திய விஜய நகரத்திலும் பூசிமலைக்குப்பத்துக் காட்டிலும் கட்டிக்கொண்ட மாளிகைகளில் பின்னது, வளைவுகளும் மாடங்களும் ஆலும் அரசும் வேரோடிப் பிளந்த நிலையில் நிற்கிறது. ஐரோப்பிய அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரணிக்கு வருகிறவர், அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அவர் வேலூருக்குப் போனால் மனம் நிறையும். பதினாறாம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் அக்கோட்டை, 133 ஏக்கர் பரப்பில், நீர் நிறைந்த அகழியோடும், கருங்கல் அடுக்கிய இரட்டை மதிலோடும், தென்னாட்டுத் தரைக்கோட்டைகளில் பழுது மிகக் குறைந்ததாக நிற்கிறது. உள்ளே விஜயநகரச் சிற்பத்தின் உச்சமென்று சொல்லத்தக்க கல்யாண மண்டபத்துடன் ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது. மசூதியும் மாதா கோயிலும் இருக்கின்றன. 1806 ஜூலை 10-ம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறையிருந்து 1832-ல் உயிர்நீத்ததும் இங்கேதான். ஆயினும் இந்த மதிலுக்குள் ஊர் இல்லை. குடிகளும் கடைத்தெருவும் வெளியே. உள்ளே அலுவலகங்களும் அருங்காட்சியகமும் பயிற்சிப் பள்ளியும். கோயில்கூட நெடுங்காலம் பூஜையின்றிக் கிடந்து, 1981-ல் மீண்டும் லிங்கம் எழுந்தருளிய பிறகுதான் ஜனங்கள் வந்துபோகும் இடமாயிற்று.

செஞ்சியில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலால் வளைத்துக் கட்டிய அக்கோட்டையை 1677-ல் சிவாஜி கைக்கொண்டதும், அவர் மகன் ராஜாராம் அதற்குள்ளிருந்தபடியே 1690 முதல் 1698 வரை மொகலாயச் சேனையைத் தாக்குப்பிடித்ததும், 1714-ல் தேசிங்கு ராஜன் போரில் மடிந்ததும் தமிழ்நாட்டுத் தெருக்கூத்துக்கும் நாட்டுப் பாடலுக்கும்கூடத் தெரிந்த சங்கதி. நெற்களஞ்சியங்களும், கல்யாண மகாலும், குதிரை லாயங்களும், குளங்களும் நிற்கின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்திய ஊர் மதிலுக்கு வெளியே கிழக்கே போய்விட்டது. வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டுபோய்ப் புதுச்சேரிக் கடற்கரையில் நட்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. பிரயாணிக்கு இதைவிடக் கம்பீரமான காட்சி வடதமிழ்நாட்டில் இல்லை. ஆனால் இது காப்பாற்றப்பட்ட ஊர் அன்று, காப்பாற்றப்பட்ட கோட்டை.

மூன்றாவது நிலை படைவீட்டினுடையது. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து இறங்கிவரும் வழியில் அமைந்த இவ்வூர், சோழப் பேரரசு தளர்ந்தபின் இப்பகுதியை ஆண்ட சம்புவராயர்களுக்குத் தலைநகராய் இருந்து, பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசன் குமார கம்பணனிடம் வீழ்ந்தது. அதன் பிறகும் படைவீட்டு ராஜ்யம் என்ற பெயர் வழங்கியது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் என்ற நால்வகைப் பிராமணரும் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்குவதோ கொடுப்பதோ கூடாது, கன்னிகாதானமாகவே விவாகம் நடக்கவேண்டும் என்று 1425-ல் கட்டுப்பாடு செய்துகொண்ட செய்தி விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டில் காணப்படுகிறது. இத்தனை பாஷைக்காரரும் கலந்து வாழ்ந்த ராஜ்யத்தின் தலைநகரில் இன்று மதிலும் இல்லை, ராஜவீதியும் இல்லை. ரேணுகாம்பாள் சந்நிதிக்கு ஆடி மாதத்தில் வரும் பெருங்கூட்டமும், மண்மூடிக் கிடந்து அண்மைக் காலத்தில் அகழ்ந்து சீர்செய்யப்பட்ட சிறு கோயில்களுமே உண்டு. ஆற்காட்டில் நவாபு காலத்துக் கோட்டைக்குச் சாட்சியாகத் தில்லி வாசல் தனித்து நிற்கிறது.

தேர் ஓடும் தெரு

கோட்டைகளை விட்டுக் கோயிலூர்களுக்கு வந்தால், கதை தலைகீழாகிறது. மதுரையை எடுத்துக்கொள்வோம். நாயக்கர் கட்டிய அதன் கோட்டைமதிலை, 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், இடித்து அகற்றுகிறவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை தருவதாகச் சொல்லி ஊராரைக் கொண்டே இடிக்கச் செய்தார். அகழி தூர்ந்து வெளிவீதியாயிற்று. அவர் ஞாபகமாக நாட்டிய விளக்குத்தூண் இன்றும் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பெயராக விளங்குகிறது. மதில் போயிற்றே தவிர, மீனாட்சி சந்நிதியைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வீதிகள் அணுவளவும் குலையவில்லை. அவற்றின் இருமருங்கிலும் உள்ள கட்டடங்களில் நூறாண்டு கண்டவை சொற்பமே. ஆயினும் வீதி எங்கே திரும்புகிறதோ அங்கேதான் இன்றும் திரும்புகிறது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? விடை தேரில் இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டும் சக்கரங்களோடு, நூற்றுக்கணக்கானவர் வடம்பிடித்து இழுக்க, முட்டுக்கட்டை போடுகிறவன் ஒவ்வொரு மூலையிலும் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து அதைத் திருப்ப, அசைந்துவரும் ஒரு பெருந்தேருக்கு இவ்வளவு அகலம் தேவை, மூலையில் இவ்வளவு வெளி தேவை என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆண்டுதோறும் அது வருகிறது. வரும்போது வாசற்படியை நீட்டியவன் இடித்துக்கொள்கிறான், பந்தலை இறக்கியவன் பிரித்துக்கொள்கிறான், மின்வாரியத்தார் கம்பியைக் கழற்றிக்கொடுத்துவிட்டு மறுநாள் மாட்டுகிறார்கள். லஞ்சம் வாங்காத நில அளவைக்காரரைப்போல, சங்கிலியைக் கையில் பிடிக்காமலே தேர் வருஷந்தோறும் ஊரை அளந்துவிட்டுப் போகிறது. எந்த நகராட்சிச் சட்டமும் செய்ய முடியாத காரியத்தை இந்த உற்சவம் சில நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது.

திருவண்ணாமலையின் மாடவீதிகளும், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையும் இதே காரணத்தால் நிலைத்தவை. 217 அடி உயரமுள்ள அதன் கிழக்குக் கோபுரம் எந்தத் திசையிலிருந்து வருகிறவனுக்கும் வழிகாட்டுவது. ஆரணியிலிருந்து எளிதில் போகக்கூடிய தேவிகாபுரத்தில், அடிவாரத்துப் பெரியநாயகி கோயிலும் மலைமேல் கனககிரீசுவரர் கோயிலுமாக விஜயநகரக் காலத்துச் சிற்றூரின் எலும்புக்கூடு இன்னும் பிரியாமல் கிடக்கிறது. கூட்டமும் கடைகளும் இல்லாமல் பழைய அமைப்பைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைப்போல் வேறு ஊர் அருகில் இல்லை. காஞ்சிபுரத்தில், எட்டாம் நூற்றாண்டின் கைலாசநாதர் கோயிலிலிருந்து, 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் வரையில் எண்ணூறு ஆண்டுக் கட்டடக்கலை ஒரே ஊரில் நடந்துபார்க்கக் கிடைக்கிறது. கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றிக் கோவிந்த தீட்சிதர் அமைத்த பதினாறு மண்டபங்களும், கோயிலுக்குக் கோயில் தொடர்ந்து செல்லும் வீதிகளும் இருக்கின்றன.

இவையனைத்திலும் தனித்து நிற்பது ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், ஏழு மதில்கள் ஒன்றையொன்று சூழ, உள்நான்கு சுற்றுகள் கோயிலாகவும், வெளிச்சுற்றுகளான உத்திர வீதியும் சித்திரை வீதியும் அடையவளைந்தான் வீதியும் குடியிருப்பாகவும் கடைவீதியாகவும் அமைந்த இவ்வூரில், மதிலும் தெருவும் வீடும் ஒருங்கே வாழ்கின்றன. 1311-ல் மாலிக்காபூரின் படையெடுப்பையும், அதன்பின் நேர்ந்த கொள்ளையையும், அரங்கன் திருமேனி நெடுங்காலம் ஊர் ஊராய் அலைந்து 1371-ல் திரும்பிவந்ததையும் தாண்டி நின்ற ஊர் இது. தெற்கு ராஜகோபுரம் சில நூற்றாண்டுகள் மொட்டையாய் நின்று, 1987-ல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடியாக நிறைவு பெற்றதைக் கண்டு, பழைமை கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது என்றே ஜனங்கள் கொண்டார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் இக்கோயிலுக்குக் கிடைத்தது. மதில் சூழ்ந்த மத்தியகால ஊர் எது என்று கேட்கிறவருக்கு, ஐரோப்பாவுக்குப் போகாமலே காட்டக்கூடிய ஊர் தமிழகத்தில் ஸ்ரீரங்கமே.

பாவு நீளும் தெரு

தேரைப்போலவே தெருவைக் காத்த மற்றொன்று தறி. விஜயநகர ஆட்சியில் கைக்கோளருக்குத் தண்டும் சங்கும் உரிமையாக வழங்கப்பட்ட செய்தி இப்பகுதிக் கல்வெட்டுக்களிலேயே வருகிறது. பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெறுமளவுக்கு நெசவாளரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது என்பது அதனால் விளங்கும். அவர்களும், பின்னர் வந்து சேர்ந்த சௌராஷ்டிரர் முதலிய சமூகத்தாரும் ஊன்றிய ஊர்களில் ஆரணி முக்கியமானது. அரிசி ஆலைகளுக்கும் ஆரணிக்குப் பெயருண்டு என்றாலும், ஊரின் தெரு அமைப்பைத் தீர்மானித்தது பட்டுத்தான்.

அதன் காரணத்தைத் தெருவிலேயே காணலாம். நடமாட்டம் மிகுவதற்கு முன், விடிந்தும் விடியாத பொழுதில், சாயம் தோய்ந்து உலர்ந்த பட்டுப் பாவின் ஒரு முனையைக் கழியில் மாட்டி, மறுமுனையைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நடுநடுவே கோல்களைச் செருகி இழைகளைப் பிரித்து, வீட்டிலுள்ள ஆணும் பெண்ணும் இருபுறமும் நின்று, அறுந்த இழையை விரல் நுனியில் முறுக்கி முடிந்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்று புடவைக்குரிய பாவு என்றால் 18 முதல் 20 கஜம் வரையில் வளைவில்லாத நேரான இடம் வேண்டும். நடுவில் கிணறோ திண்ணையின் நீட்சியோ குறுக்கிடக் கூடாது. எதிர்வீட்டுக்காரனுக்கும் அதே தேவை இருப்பதால் ஒருவன் ஆக்கிரமித்தால் அனைவரும் கேட்பார்கள். சேலம், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் பாவடி என்று இதற்கென்றே ஒரு திறந்தவெளியை ஊர்ப்பொதுவாக விட்டுவைத்தார்கள். பட்டு நெய்யும் ஊர்களில் தெருவே பாவடியாயிற்று. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்திலும் ஆரணியின் நெசவுத் தெருக்களிலும் காணும் நீளமும் நேர்மையும் இப்படி வந்தவை.

வீடுகளின் கதை வேறு. முன்பு தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதித்தபடி நெய்யும் குழித்தறிக்கு, தாழ்ந்த ஓட்டுக் கூரையும் குளிர்ந்த மண்தரையும் ஏற்றவையாய் இருந்தன. கரையிலும் முந்தானையிலும் நுணுக்கமான உருவங்களைக் கொண்டுவரும் ஜக்கார்டு பெட்டி தறியின் தலைமேல் ஏறியபோது, கூரைக்கு உயரம் தேவைப்பட்டது. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். ஐரோப்பியக் கண்ணுக்கு இது பழைமையின் அழிவு. தறியின் பக்கம் நின்று பார்த்தாலோ, தொழில் நிற்பதற்காக வீடு மாறிற்று. வீடு மாறியதனால் தெரு நின்றது. புவிசார் குறியீடு பெற்று இன்று உலகச் சந்தைக்குப் போகும் ஆரணிப் பட்டு, இடிந்துபோன கோட்டையைக் காட்டிலும் இவ்வூரின் மத்தியகாலத்துக்கு மெய்யான சான்றாகும்.

கடற்கரையில் ஒரு விதிவிலக்கு

இங்கே தரங்கம்பாடியைச் சற்றே குறிப்பிடவேண்டும். 1306-ம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில் ஒருபுறம் கடலால் அரிக்கப்பட்டு நிற்க, 1620-ல் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையும், 1792-ம் ஆண்டின் நகர வாசலும், ராஜவீதியும், சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கி, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய இடமுமாக, ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றின் அளவும் அமைதியும் அங்கே கிடைக்கின்றன. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபின் வியாபாரம் ஓய்ந்துபோனதே அது பிழைத்ததற்குக் காரணம். அதாவது, ப்ரூஜைக் காத்த வறுமைதான் தரங்கம்பாடியையும் காத்தது. இலங்கையின் காலிக் கோட்டை 1988-ல் உலகப் பாரம்பரியமானபின், உள்ளிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாக மாறிய அனுபவம், தரங்கம்பாடியின் பழைய பங்களாக்களைச் சீர்செய்கிறவர்கள் மனத்தில் கொள்ளத்தக்கது.

சட்டம் எதைக் காக்கிறது?

நம் சட்டங்களின் கண்ணில் ஊர் என்ற ஒன்று தெரிவதில்லை; சின்னமே தெரிகிறது. 1958-ம் ஆண்டின் மத்தியச் சட்டமும், 1966-ம் ஆண்டின் மாநிலச் சட்டமும், கோயிலையோ கோட்டையையோ தனித்தனியாக எடுத்துக் காக்கின்றன. 2010-ல் மத்தியச் சட்டத்தில் செய்த திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெறவேண்டும் என்று கூறியதன் விளைவாக, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கோயிலருகே வாழ்கிறவன் தன் இடிந்த வீட்டைத் திருத்தவும் தயங்குகிறான். ஆனால் 300 மீட்டருக்கு அப்பால் ஒரு பழந்தெரு முழுவதையும் மூடி மறைத்து வணிக வளாகம் எழுந்தாலும் அச்சட்டத்துக்கு ஆட்சேபமில்லை. 2012-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும், 2015-ல் காஞ்சிபுரம் உள்ளிட்ட பன்னிரண்டு நகரங்களுக்கென்று மத்திய அரசு வகுத்த ஹ்ருதய் திட்டமும் பார்வையைச் சற்று விரிவாக்கின. மதில் சூழ்ந்த அகமதாபாத்தை 2017-லும் ஜெய்ப்பூரை 2019-லும் ஊராகவே யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது, இந்தியாவிலும் இது சாத்தியம் என்பதைக் காட்டுகிறது.

ஜனங்களை விட்டுவிட்டுச் செய்யும் பாதுகாப்பு நிற்காது என்பதற்குத் திருவண்ணாமலையே சான்று. 2002-ல் அருணாசலேசுவரர் கோயிலைத் தேசியச் சின்னமாக அறிவிக்க மத்திய அரசு முற்பட்டபோது, தங்கள் உற்சவமும் வழக்கமும் அலுவலகக் கட்டளைக்கு உட்பட்டுவிடும் என்று அஞ்சி ஊரார் கிளர்ந்தெழ, அம்முயற்சி பின்னர்க் கைவிடப்பட்டது. கட்டடத்தை நேசித்த அதிகாரிகளுக்கும் கோயிலை நேசித்த ஊராருக்கும் இடையே நேர்ந்த அந்தப் பிணக்கில், இரு தரப்பும் தெருவைப் பற்றிப் பேசியிருந்தால் ஒருமித்திருக்கக்கூடும்.

இந்த நோக்கு நமக்குப் புதிதன்று. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914-ல் இந்தியாவுக்கு அனுப்பிய நகர அமைப்புக் கண்காட்சியின் படங்களையும் வரைபடங்களையும், சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட, அவர் வேறு படங்களைத் திரட்டிக்கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்தி, ராஜதானியின் பல ஊர்களையும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருவைப் பிளந்து அகலமான சாலை போடுவது செலவு மிகுந்த மூடத்தனம். இடிந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் அகற்றி, காற்றும் வெளிச்சமும் வரச்செய்து, மரத்தையும் கிணற்றையும் திண்ணையையும் காத்தால் ஊர் தானே பிழைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். தென்னாட்டுக் கோயிலூர்களை அவர் வெகுவாகப் போற்றினார். நூறாண்டு கடந்தும் நம் நகராட்சிகள் அதைக் கற்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். பழைய தெரு அமைப்பு என்பது வெறும் அகல நீளக் கணக்கன்று. இன்னார் இன்ன தெருவில் வாழவேண்டும், இன்னார் இன்ன தெருவில் நடக்கவே கூடாது என்ற கொடுமையையும் அதே அமைப்புத்தான் சுமந்துவந்தது. தேர் போகாத தெருக்கள் என்று சில இருந்தன. இன்றும் அவற்றுக்காக வழக்குகளும் சண்டைகளும் நடக்கின்றன. தெருவைக் காப்பதென்றால் அதன் வேலியையும் சேர்த்துக் காப்பதன்று. தேரின் வடத்தைப் பிடிக்க எல்லாக் கைகளுக்கும் இடமிருந்தால்தான், அந்தத் தேருக்காக வீதியைக் காக்கவேண்டும் என்ற வாதம் எல்லாருக்கும் உரியதாகும். அதுபோலவே, நெசவாளன் வறுமையில் கிடந்தால் தெரு பிழைக்கும் என்று ஐரோப்பாவின் உதாரணத்தைத் தவறாகக் கற்றுக்கொள்ளவும் கூடாது. பாவு ஓட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது; கூலி போதாமல் இளைஞர்கள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள்; பாவு நீட்டாத தெருவில் இருசக்கர வாகனங்கள் நிற்கத் தொடங்கிவிட்டன. தறி ஓய்ந்தபின் அத்தெருவின் நேர்மையைக் கேட்டுப் போராட யாரும் இருக்கமாட்டார்கள்.

முடிவுரை

ஆராய்ந்ததைத் தொகுத்துச் சொன்னால், செஞ்சியிலும் வேலூரிலும் மதில் நின்று ஊர் விலகிற்று. மதுரையிலும் காஞ்சியிலும் ஆரணியிலும் மதில் போய்த் தெரு நின்றது. ஸ்ரீரங்கத்தில் இரண்டும் நின்றன. படைவீட்டில் இரண்டும் போயின. பிரயாணிக்குச் சொல்லக்கூடிய யோசனை இதிலிருந்தே பிறக்கிறது. ஆரணியில் தங்கி, அதிகாலையில் நெசவுத் தெருக்களைப் பார்த்துவிட்டு, வேலூர், படைவீடு, தேவிகாபுரம், திருவண்ணாமலை, செஞ்சி, காஞ்சிபுரம் என்று ஒவ்வொன்றாகப் போய்வருகிறவர், கோட்டை, தலைநகர், கோயிலூர், தொழிலூர் என்ற நான்கு வகையையும் ஒரு வாரத்துக்குள் கண்டுவிடலாம்; அவகாசமுள்ளவர் அதன்பின் ஸ்ரீரங்கத்துக்கும் தரங்கம்பாடிக்கும் போகட்டும். வீட்டு முகப்புகளைப் பார்த்து ஏமாறாமல், தெரு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது, யாருடைய தேவைக்காக அவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டு நடந்தால், கான்கிரீட்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் அடியில் பழைய ஊர் தெளிவாகத் தெரியும்.

அரசாங்கத்துக்கும் நகராட்சிக்கும் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. தேர்வீதிகளையும் பாவு நீட்டும் தெருக்களையும், அவற்றின் அகலத்தோடும் திருப்பத்தோடும் அளந்து, கோயிலைப் பதிவுசெய்வதுபோலவே பதிவுசெய்யவேண்டும். வீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பவனுக்கு விட்டு, தெருவைக் குறுக்கும் உரிமையை மட்டும் எவருக்கும் மறுக்கவேண்டும். நெய்கிறவனுக்கு நியாயமான கூலி கிடைப்பதைப் பாரம்பரியப் பாதுகாப்பின் செலவாகவே கணக்கில் எழுதவேண்டும். ஐரோப்பா தன் பழைய ஊர்களை, அவற்றில் தொழில் மடிந்தபின் காப்பாற்றக் கற்றுக்கொண்டது. நமக்கு வாய்த்திருக்கும் காலமோ தொழில் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே காப்பாற்றுவதற்குரியது. அந்தக் காலம் ஆரணியின் தறிகள் ஓடும்வரையில்தான்.